நீர் நிற்காத பாத்தி

மேட்டுப்பாத்தி கட்டுவதைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. பனிக்காலம் முடிந்ததும் தரையைவிட மேட்டுப்பாத்தியின் மண் சீக்கிரம் சூடேறும், அதனால் விதைப்பைச் சில வாரங்கள் முன்னதாகவே தொடங்கலாம் என்பதைத்தான் அவை முதல் பலனாகச் சொல்கின்றன. நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை பாகைகூட விலகாத சிங்கப்பூரில் மண்ணைச் சூடேற்ற வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. இங்கே மண்ணை உயர்த்துவதற்கு வலுவான காரணம் மழை. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பங்கு ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் பெய்துவிடும். சிங்கப்பூரில் ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர்; அது பன்னிரண்டு மாதங்களிலும் பரவிப் பெய்கிறது. ஒரே மணி நேரத்தில் ஐம்பது மில்லிமீட்டர் கொட்டும் பிற்பகல்கள் இங்கே சாதாரணம்.

ஊரிலிருந்து வந்த நமக்கு இதில் ஒரு தலைகீழ் மாற்றம் இருக்கிறது. இராமநாதபுரத்திலோ விருதுநகரிலோ பாத்தி கட்டுகிறவர்கள் சுற்றிலும் கரை எடுத்து, நடுவைப் பள்ளமாக விட்டு, இறைத்த தண்ணீர் வெளியே ஓடிவிடாமல் காப்பார்கள். அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து தரையில் பாத்தி கட்டினால், இரண்டு மழைக்குள் கீரை விதை மிதந்து ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கும். ஆனால் மேடாக்கிப் பயிர் செய்வது தமிழ் உழவுக்குப் புதியதும் அன்று. காவிரிப் படுகையின் வெற்றிலைக் கொடிக்கால்களில் மண்ணை வெட்டி மேடாக்கி, இடையில் ஆழமான வாய்க்கால் விட்டுத்தான் கொடி நடுவார்கள். இந்தத் தீவிலும் சீனத் தோட்டக்காரர்கள் கம்பங்கள் எனப்படும் கிராமங்களில் காய்கறி பயிரிட்ட காலத்தில், நீண்ட மண்மேடுகளும் அவற்றுக்கு இடையே நீர்க்கால்களுமாகவே தோட்டங்கள் இருந்தன. பலகையும் கல்லும் வைத்து அடைத்தது ஒன்றுதான் பிற்காலச் சேர்க்கை.

நாங்கள் வசிப்பது சிராங்கூன் வட்டாரத்தில் உள்ள பழைய தரைவீடு ஒன்றில். வீட்டின் பின்புறத்தில் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அது எப்படிப்பட்ட மண் என்று அறிய ஒரு முழம் ஆழத்துக்குக் குழி தோண்டினேன். மேலே நாலு விரல் கனத்துக்குக் கறுத்த மண், அதன் கீழே உடைந்த ஓடு, சிமெண்ட் துண்டு, ஒரு வளைந்த கம்பி, அதற்கும் கீழே கையில் உருட்டினால் உடையாமல் உருண்டையாக நிற்கும் செம்மஞ்சள் களி. சிங்கப்பூரின் தரைவீடுகள் பலவற்றில் இதே கதைதான். அசல் மண்ணே நூற்றாண்டுக் கணக்கான மழையில் சத்து அரிக்கப்பட்டுப் புளித்துப்போன களிமண். அதன்மேல் வீடு கட்டியவர்கள் விட்டுச்சென்ற இடிபாடு. குழியில் தண்ணீரை நிரப்பி, மழை விழாதபடி மேலே ஒரு பலகையை மூடிவைத்தேன். மறுநாள் காலையிலும் பாதிக் குழி தண்ணீர் அப்படியே இருந்தது. எட்டிப் பார்த்த மாமியார், “மாப்பிள்ளை, இதுல கீரையா போடப் போறீங்க? கெளுத்தி விடலாம்” என்றார். மேட்டுப்பாத்தி வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் எங்கள் வீட்டில் அத்துடன் முடிந்துவிட்டது. பாத்தி கட்ட நினைக்கும் எவரும் முதலில் இந்தக் குழிச் சோதனையைச் செய்துவிடலாம். சில மணி நேரத்தில் தண்ணீர் வடிந்துவிடும் மண் உங்களுக்கு வாய்த்திருந்தால், பலகைக்கும் கல்லுக்கும் செலவழிப்பதற்குப் பதிலாக மண்ணை ஒரு சாண் உயரத்துக்குக் கூட்டி, தொழுஉரம் கலந்து பயிர் வைப்பதே போதுமானது.

இடத்தைத் தேர்ந்தெடுக்கையில் சூரியனின் போக்கைக் கவனிக்க வேண்டும். இது இங்கே சற்று விசித்திரமானது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை உச்சிவெயில் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து வரும். மற்ற மாதங்களில் தெற்குப் பக்கமாக வரும். ஜூனில் சாய்வு ஏறத்தாழ 22 பாகை, டிசம்பரில் 25 பாகை. ஆகவே, பாத்திக்கு வடக்கே இரண்டு மீட்டர் உயரச் சுவர் இருந்தால் ஜூன் மாத உச்சிப்பொழுதில் அதன் நிழல் 80 சென்டிமீட்டர் வரை பாத்தியின்மேல் விழும். அதே சுவர் டிசம்பரில் எந்த இடைஞ்சலும் செய்யாது. ஒரு மாதத்தில் பார்த்த வெயிலை நம்பி இடம் குறிக்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். இன்னொன்று, இங்கே உச்சிப்பொழுது கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு வருவதில்லை. 1982ஆம் ஆண்டின் முதல் நாளில் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டதிலிருந்து சூரியன் உச்சிக்கு வருவது ஒரு மணி வாக்கில்தான். நிழலை அளப்பவர்கள் அந்த நேரத்தில் அளக்க வேண்டும்.

பாத்தியின் அகலத்தைக் கை நீளம் தீர்மானிக்கிறது. இருபுறமும் நடக்க இடமிருந்தால் 1.2 மீட்டர், ஒருபுறம் மட்டும் என்றால் 60 சென்டிமீட்டர். அதற்கு மேல் போனால் களை பிடுங்கப் பாத்திக்குள் கால் வைக்க வேண்டிவரும், கால் பட்ட மண் இறுகிவிடும். வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் கட்ட வேண்டாம். ஈரம் சுவரில் ஏறும் என்பது ஒரு புறம், மண்ணுக்கும் சுவருக்கும் இடையில் கரையான் ஏறுவது கண்ணுக்கே தெரியாது என்பது இன்னொரு புறம்.

கரையானைப் பற்றிச் சொன்னதும் பாத்தியைச் சுற்றி அடைக்கும் சட்டத்தை எதில் அமைப்பது என்ற கேள்வி வந்துவிடுகிறது. குளிர்நாடுகளில் பைன் பலகை சில ஆண்டுகளேனும் தாங்கும். இங்கே ஈரமண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் பைன் பலகையைப் பூஞ்சையும் கரையானும் பங்கு போட்டுக்கொள்ளும். மரம்தான் வேண்டும் என்றால் செங்கால், பாலாவ் போன்ற கடின மரங்களுக்குப் போக வேண்டும். அவை விலை கூடுதல், கனம் கூடுதல், துளையிடாமல் திருகாணி இறங்காது, ஆனால் நிற்கும். பச்சை நிறம் தோய்ந்த பழைய பதனிட்ட பலகை எங்காவது இலவசமாகக் கிடைத்தால், அதை உண்ணும் செடிக்குப் பயன்படுத்தாதீர்கள். குரோமியம், தாமிரம், ஆர்செனிக் மூன்றும் சேர்ந்த மருந்தில் முன்பு மரங்களைப் பதனிட்டார்கள். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அந்த முறை 2003ஆம் ஆண்டின் முடிவோடு நிறுத்தப்பட்டுவிட்டது என்றாலும் பழைய பலகைகள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

துறைமுக நகரம் என்பதால், சரக்கு அடுக்கி ஏற்றும் பேலட் பலகைகள் இங்கே எளிதாகக் கிடைக்கும். அவற்றில் ஒன்றைப் புரட்டிப் பார்த்தால் பக்கவாட்டுக் கட்டையில் சுட்டுப் பொறித்த முத்திரை ஒன்று தெரியும். இடது ஓரத்தில் கோதுமைக் கதிரின் வடிவம், பக்கத்தில் நாட்டின் குறியீடு, எண், கடைசியில் இரண்டு எழுத்துகள். அந்த எழுத்துகள் ‘எச்டி’ (HT) என்றிருந்தால், மரத்தின் உள்மையம் வரை 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது முப்பது நிமிடம் வைத்துப் பூச்சியை நீக்கியிருக்கிறார்கள். ‘எம்பி’ (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயுவைச் செலுத்தியிருக்கிறார்கள். அதைத் தோட்டத்துக்கு எடுக்க வேண்டாம். ‘எச்டி’ பலகையிலும் ஏதாவது சிந்திய கறையோ எண்ணெய் வாடையோ இருந்தால் விட்டுவிடலாம், அது எதைச் சுமந்து வந்தது என்று முத்திரை சொல்லாது. நல்ல பேலட் பலகையும் இங்கே நெடுநாள் வராது என்பதை ஏற்றுக்கொண்டுதான் அதில் இறங்க வேண்டும்.

நாங்கள் ஒரு பாத்தியைப் பாலாவ் பலகையிலும், இன்னொன்றைத் துளையுள்ள சிமெண்ட் கல்லிலும் கட்டினோம். இரண்டில் எது மேல் என்று கேட்டால் நான் சிமெண்ட் கல்லைத்தான் சொல்வேன், அழகு சற்றுக் குறைவு என்றாலும். ஒரு கல் 39 சென்டிமீட்டர் நீளம், 19 அகலம், 19 உயரம். சாந்து பூசாமல் இரண்டு வரிசை மாற்றி மாற்றி அடுக்கினால் 38 சென்டிமீட்டர் உயரம் வந்துவிடும். பிறகு இடம் மாற்ற வேண்டுமென்றாலும் கழற்றிவிடலாம். கல்லின் அகலம் இரு பக்கமும் இடத்தைத் தின்பது உண்மைதான். ஆனால் முழங்கால் வலியுள்ள மாமியார் அந்த விளிம்பில்தான் உட்கார்ந்து கீரை கிள்ளுகிறார். பலகைப் பாத்தியின் விளிம்பில் அது முடியாது. பலகையில் கட்டுகிறவர்கள் நீளவாக்குப் பக்கத்தின் நடுவில் ஒரு முளையை ஆழமாக அடித்துவிட வேண்டும். ஊறிய மண் வெளிப்பக்கமாகத் தள்ளும் வேகம் சாதாரணமானதன்று.

அடுத்து, பலரும் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் ஒரு காரியம்: அடியில் சல்லிக்கல் பரப்புவது. கல் இருந்தால் நீர் வடியும் என்பது கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது, நடப்பது வேறு. பாத்திரம் துலக்கும் பஞ்சை நீரில் முக்கித் தூக்கிப் பிடித்தால், சொட்டுவது நின்ற பிறகும் அதன் அடிப்பகுதி ஈரம் ததும்பி இருக்கும். மண்ணும் அப்படித்தான் தன் அடியில் ஒரு பட்டை நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நுண்ணிய துளைகளுள்ள மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகளுள்ள சல்லிக்குள் நீர் இறங்க, மேலே உள்ள மண் முற்றிலும் நிறைய வேண்டும். ஆகவே சல்லியைப் பரப்பினால் அந்த ஈரப்பட்டை இன்னும் மேலே, வேர் இருக்கும் இடத்துக்கு, ஏறிவிடுகிறது. அதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியது, பாத்தி வைக்கும் இடத்தின் களித்தரையை ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கிளறி, மக்கிய உரத்தைக் கலந்து, மேலே கொட்டும் மண்ணோடு அதைப் பிணைத்துவிடுவது. மேலிருந்து கீழ்வரை மண் ஒன்றாக இருந்தால் நீர் தானாகவே இறங்கும். சிமெண்ட் போட்ட முற்றத்தில் வைப்பவர்களுக்கு இது முடியாது. அவர்கள் தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்தின் அடிவிளிம்பில் வடிதுளைகள் விட்டு, மண் ஓடி வடிகாலை அடைக்காதபடி உட்புறத்தில் துணி விரிக்க வேண்டும்.

மண் நிரப்பும்போதுதான் கணக்கு வலிக்கத் தொடங்கும். 2.4 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழம் என்ற எளிய அளவுக்கே 864 லிட்டர் மண் தேவை. ஐம்பது லிட்டர் பையென்றால் பதினேழு பை போட்டும் மேலே சற்றுக் குறையும். எல்லாவற்றையும் பைகளில் வாங்காமல், நர்சரிகளில் மொத்தமாகக் கிடைக்கும் மேல்மண்ணைப் பாதியளவு எடுத்துக்கொண்டு மற்றதை நாமே கலப்பது நல்லது. இந்த வட்டாரத்தில் ‘சுட்ட மண்’ என்று விற்பார்கள். களிமண்ணைக் கட்டையோடு குவித்து மெதுவாகச் சுட்டால் வரும் கருஞ்சிவப்புக் குருணை அது. மலாயாவின் பழைய தோட்டக்காரர்களுக்குப் பழகிய சரக்கு. அதில் களை விதை இருக்காது, மழையில் மீண்டும் களியாகக் குழையாது. நான் கலப்பில் ஐந்தில் ஒரு பங்கு அதைச் சேர்க்கிறேன்.

தென்னை நார்க்கழிவுக் கட்டி வாங்குகிறவர்கள் அதைக் கழுவாமல் போடக் கூடாது. ஐந்து கிலோ கட்டி நீரில் ஊறினால் எழுபது லிட்டர் அளவுக்கு உப்பும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரும் இந்தச் சரக்கில் சில கட்டிகளில் உப்பு ஏராளம். ஊறவைத்த முதல் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இறங்கும். நிறம் வெளுக்கும் வரை இரண்டு மூன்று முறை பிழிந்து ஊற்றிவிட வேண்டும். நார்க்கழிவு நீரைப் பிடித்து வைப்பது, நமக்கோ நீரை வெளியேற்றுவது முக்கியம். எனவே ஊரில் மாடித்தோட்டத்துக்குச் சொல்லும் மூன்றில் ஒரு பங்கு என்ற அளவு இந்த மழைக்கு மிகுதி. பாத்தி முழுவதும் மழையில் நனையும் என்றால் ஏழில் ஒரு பங்கு போதும். கூரைக்கடியில் வைப்பவர்கள் கூட்டிக்கொள்ளலாம். மீதியில் மண்புழு உரமும் மக்கிய இலையும், அவற்றோடு கையளவு வேப்பம் புண்ணாக்கும். மண்ணின் புளிப்பைத் தணிக்கக் கொஞ்சம் டோலமைட் தூள்.

இப்படி விளிம்புவரை நிரப்பிய மண் அங்கேயே நிற்காது என்பதுதான் வெப்பமண்டலத்து மேட்டுப்பாத்தியின் முக்கியமான குணம். இங்கே நுண்ணுயிர்களுக்கு ஓய்வுக்காலமே கிடையாது. ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பும் ஈரமும் இருப்பதால், மக்கு உரத்தை அவை தின்றுகொண்டே இருக்கின்றன. தின்றது காற்றோடு போகிறது. பாத்தி ஓராண்டுக்குள் நாலைந்து விரற்கடை இறங்கிவிடும். பார்ப்பவர்கள் மண் அரித்துவிட்டது என்பார்கள். அரித்தது கொஞ்சம், கரைந்தது நிறைய. போதாக்குறைக்கு, ஐம்பது மில்லிமீட்டர் மழை அந்தப் பாத்தியின்மேல் விழுந்தால் அது 144 லிட்டர் நீர். அவ்வளவும் மண்ணின் வழியே கீழே இறங்கும்போது தழைச்சத்தையும் சாம்பல் சத்தையும் உடன் கொண்டுபோகிறது. நாம் வடிவதற்காகவே கட்டிய பாத்தி, சத்தையும் வடித்துவிடுகிறது. எனவே பருவத்துக்கு ஒருமுறை பெரிய அளவில் உரமிடும் பழக்கம் இங்கே எடுபடாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கையளவு தூவுவதே பயன் தரும். மேலே காய்ந்த இலையோ கரும்புச் சக்கையோ மூடாக்காகப் போட்டால் மழைத்துளி மண்ணை அடித்து இறுக்குவதும் குறையும். பிப்ரவரியில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சில வாரங்கள் காயும்போது, இறங்கிய அளவுக்கு மக்கு உரத்தை மேலே போட்டு நிரப்பிவிடுகிறோம்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வரவேற்பறையை ஒட்டிய திறந்த இடத்தில் பலகைப் பாத்தி கட்ட இறங்கிவிட வேண்டாம். வீடுகளின் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவிலான சுமையை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்படுகிறது. முப்பது சென்டிமீட்டர் ஆழத்துக்கு நனைந்த கலப்புமண் என்றால் இலேசான கலவையே சதுர மீட்டருக்கு 300 கிலோவைத் தொடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் பொதுத்தாழ்வாரத்தில் நடைவழி 1.2 மீட்டராவது தடையின்றி இருக்க வேண்டும் என்பதால் அங்கேயும் வழியில்லை. சிறு தொட்டிகளோடு நிறுத்திக்கொள்ளலாம், அல்லது தேசியப் பூங்காக் கழகத்தின் வாடகைத் தோட்டத் துண்டுகளுக்கு விண்ணப்பிக்கலாம். 2016இல் ஹார்ட்பார்க் பூங்காவில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் 2.5 மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள மேட்டுப்பாத்தியை மூன்று ஆண்டுகளுக்குத் தருகிறார்கள்; வரி நீங்கலாக ஆண்டுக்கு 57 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று அறிவித்திருந்தார்கள். கேட்பவர்கள் அதிகம், அதனால் குலுக்கல்.

சிமெண்ட் கல்லைப் பரிந்துரைத்துவிட்டு அதன் ஆபத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. அந்தக் கல்லின் துளைகள் மேல்நோக்கி இருக்கும். அடியில் களி அடைத்துக்கொண்டால் ஒவ்வொரு துளையும் ஒரு சிறு கிணறு. ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். முட்டை ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். வீட்டில் கொசு பெருகுவதைத் தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் கண்டால் 200 வெள்ளி அபராதம், டெங்கி வந்தால் அதைவிடப் பெரிய செலவு. துளைகள் எல்லாவற்றையும் மண்ணால் இறுக நிரப்பி, அதில் புதினாவும் ஓமவல்லியும் செருகிவிட்டோம். புதினாவைப் பாத்திக்குள் விட்டால் மற்றவற்றை விரட்டிவிடும், கல்துளைக்குள் அடங்கி இருக்கிறது. இறுகி வெடித்த மேல்மண்ணிலும் நீர் தேங்கும், அதைக் கிளறிவிட வேண்டும்.

இன்னொரு விருந்தாளி ஆப்பிரிக்கப் பெருநத்தை. மழை விட்ட இரவில் டார்ச்சுடன் போனால் பாத்தி விளிம்பில் கைப்பிடி அளவுக்கு உட்கார்ந்திருக்கும். பலகையின் வெளிப்புறத்தில் தாமிரப் பட்டை ஒட்டிப் பார்த்தவர்கள் சிலர் பலன் உண்டு என்கிறார்கள். எங்கள் வீட்டு நத்தைகளுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. கையுறை போட்டுப் பொறுக்குவதுதான் வழி. எலிகளிடமிருந்து வரும் நுரையீரல் புழுவை இந்த நத்தைகள் சுமக்கக்கூடும் என்பதால், பாத்திக் கீரையைப் பச்சையாக உண்பவர்கள் இலை இலையாகப் பிரித்துக் கழுவ வேண்டும். நாங்கள் எல்லாவற்றையும் வேகவைத்தே சாப்பிடுகிறோம்.

எதைப் பயிரிடுவது என்பதில் மாமியாருக்கும் எனக்கும் ஒத்துப்போவது குறைவு. கங்கோங் ஈரத்திலேயே வளரும் கொடி, அதற்கு மேட்டுப்பாத்தி வீண் என்பது என் கட்சி. அரைக்கீரை, தண்டுக்கீரை, வெண்டை, கத்தரி இவற்றுக்குத்தான் வடியும் மண்ணின் அருமை தெரியும். கொடிப்பசலையை ஓரத்தில் விட்டுப் பந்தல் ஏற்றலாம். சயூர் மானிஸ் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் தவசிக்கீரை, குச்சி நட்டாலே வரும், வெட்ட வெட்டத் தழைக்கும். வெண்டையைப் பிடுங்கும்போது வேரில் மணிமணியாக முடிச்சு இருந்தால் அது நூற்புழு. அந்தப் பாத்தியில் அடுத்து வெண்டையோ கத்தரியோ வைக்காமல், சில மாதங்கள் துலுக்கச் சாமந்தியை நெருக்கமாக நட்டு, பிறகு மண்ணோடு கொத்திவிட வேண்டும்.

கறிவேப்பிலைக் கன்றைப் பாத்தியின் நடுவில் வைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் கோரிக்கை. அது மரம், பக்கக் கன்றுகள் விட்டு முழுப் பாத்தியையும் தனதாக்கிக்கொள்ளும் என்று சொல்லிப் பார்த்தேன். “அதான் நல்ல மண்ணு அங்கதானே கொட்டியிருக்கீங்க மாப்பிள்ளை” என்றார். கடைசியில் வேலியோரம் தரையிலேயே தனியாக ஒரு முழ உயரத்துக்கு மண்ணைக் குவித்து, பலகையோ கல்லோ வைக்காமல், அதன் உச்சியில் கன்றை நட்டோம். மழை நாலாபுறமும் வழிந்து போகிறது. சட்டம் எதுவும் இல்லாத அந்த மேட்டில் கறிவேப்பிலை நன்றாகவே துளிர்க்கிறது.